சோப்பில் பதிந்த விளிம்பு

வவாவு,
பிப்ரவரி 8, 1976

மதிப்புக்குரிய அக்கா மெலெனைதேவுக்குத் தம்பி கலாஃபி எழுதுவது.

இந்த ஞாயிறு வரை எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த கடவுளுக்கு நன்றி. நானும் அம்மாவும் நலம். நம் தீவில் அடித்த புயலில் வாழைகள்தான் சாய்ந்தன, வீட்டுக்கு ஒன்றுமில்லை. ஆக்லாந்தில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்மா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தம்பி அக்காவிடம் கேட்கிற பழக்கம் நம்மிடம் இல்லை, தெரியும். ஆனால் வேறு யாரிடம் கேட்பது?

தலைநகர் பாண்டில் ஓர் இடம் காலியாகிறது. வருடக் கடைசியில் தேர்வு. ஒரே ஆள் சின்னக் குழல் கார்னெட்டும் ஊத வேண்டும், பெரிய குழல் யூஃபோனியமும் ஊத வேண்டும். கார்னெட் எனக்குக் கைவந்த வேலை. சர்ச்சில் அப்பா ஊதின யூஃபோனியத்தையும் இப்போது எடுத்திருக்கிறேன், வாத்தியம் சர்ச்சுக்குச் சொந்தம். விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். உதட்டுக்குத்தான் பிரச்சினை. அதற்கு மவுத்பீஸ், அந்த வாய் வைக்கிற கிண்ணம், என்னிடம் இல்லை; பாண்டில் கூட ஊதுகிற பெனிசோனியுடையதை இரவல் வாங்கி ஊதுகிறேன். அதன் விளிம்பு கூராக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துவிடுகிறது, அப்புறம் கார்னெட்டை எடுத்தால் வெறும் காற்றுதான். பாண்டு மாஸ்டர் மனாசே கத்துகிறார்: "கிண்ணம் பெருசோ சின்னதோ போகட்டும்டா. விளிம்பு மட்டும் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லன்னா ஒதடு எங்க ஒக்கார்றதுன்னு தெரியாம முழிக்கும்."

அப்பாவின் மவுத்பீஸ் அப்படிப்பட்ட விளிம்பு, என் கார்னெட்டினுடையதைப் போலவே உருண்டது. அது துறைமுகக் கல்லில் விழுந்து, வாத்தியத்துக்குள் நுழைகிற அதன் கழுத்தில் பள்ளம் விழுந்த பிறகும் அவர் வேறு வாங்கவில்லை. "அது மட்டும் இருந்தா சுடுதண்ணில போட்டுட்டு ஊத வேண்டியதுதானே?" என்றான் பெனிசோனி. "ஒங்கப்பா கடிச்சு வச்ச கெழங்க நீ திம்பியாடா?" என்று கேட்டேன். அப்பா வாய் வைத்ததில் பிள்ளை வாய் வைக்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். எப்படியும் அது, அங்கிருந்து அப்பாவின் உடலை அனுப்பியபோது நீங்கள் அவர் சட்டைப் பையில் வைத்தபடியே, அவரோடு மண்ணுக்குள் இருக்கிறது.

அங்கே கடைகளில் கிடைக்குமா? இந்த இடம் கிடைத்தால் சம்பளமும் தங்க வீடும் உண்டு. அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன். நீங்கள் அந்தத் தொழிற்சாலையை விட்டு ஊருக்கு வரலாம். அதற்காகத்தான் கேட்கிறேன்.

அன்போடும் பணிவோடும்,
கலாஃபி


ஆக்லாந்து,
மார்ச் 14, 1976

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று படித்ததுமே பாதிக் களைப்பு போயிற்று. எனக்கு ஒரு குறையும் இல்லை. கால் வீக்கம் வற்றிவிட்டது என்று அம்மாவிடம் சொல். நீயே கதை கட்டி இன்னும் இரண்டு வியாதி சேர்த்துச் சொல்லாதே.

அக்காவிடம் கேட்பது பழக்கமில்லையாம்! இதைச் சொல்ல அரைப் பக்கமா? கேட்டாய், கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற நல்ல உடையை உடுத்திக்கொண்டு வாத்தியக் கடைக்குப் போனேன். வயதான வெள்ளைக்காரர். "யூஃபோனியம் மவுத்பீஸ் வேணும்" என்றேன். "என்ன விளிம்பு? எவ்வளவு ஆழம்? கழுத்து தடியா ஒல்லியா?" என்று கேட்டுக்கொண்டே போனார். நான் மீன் வாங்க வந்தவள் போல நின்றேன். நீ இரண்டு வாத்தியம் ஊதுகிறாய் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரெண்டு ஊதுறவன் ரெண்டையும் சுத்தமா வேற வேற மாதிரி வச்சுக்கணும்மா. ஒண்ணு போல இருந்தாத்தான் ஒதடு கொழம்பும்" என்கிறார். உன் மனாசே வேறு விதமாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி? அளவு எடுத்து அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ ஜெயிப்பாய். நான் வருவேன். சீமைப்பலா காய்க்கிற சமயமாகப் பார்த்து வருவேன்.

முத்தங்களுடன்,
மெலெனைதே


வவாவு,
ஏப்ரல் 18, 1976

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உயிர்த்தெழுதல் திருநாள் வாழ்த்துகள். நாங்கள் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவின் மேட்டில் புதிய மணல் கொட்டினோம். அத்தை கூடவே நின்று, தன் அண்ணனுக்கு வெள்ளை மணல்தான் வேண்டும், கறுப்புக் கலந்தது கூடாது என்று ஒவ்வொரு கூடையையும் பார்த்த பிறகுதான் கொட்ட விட்டாள்.

கடைக்காரர் சொன்னதை மனாசேயிடம் சொன்னேன். "அவரு கடைக்காரரு, ரெண்டையும் வேற வேறயா விக்கத்தான் பார்ப்பாரு!" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "சில பேருக்கு அவர் சொல்றதும் சரிதான். ஒன் ஒதட்டுக்கு ஒத்து வராது" என்றார். நானும் ஊதிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு உருண்ட விளிம்புதான்.

இதோடு ஒரு பொட்டலம் பாதிரியார் கையில் வருகிறது. சலவைச் சோப்பில் என் கார்னெட் மவுத்பீஸை அழுத்திப் பதித்திருக்கிறேன். அந்த உருட்டு எப்படி வளைகிறது என்று பாருங்கள், அதே உருட்டுதான் வேண்டும், வட்டம் மட்டும் பெரிதாக. கொய்யாக் குச்சி ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறேன். அது யூஃபோனியத்தில் சரியாக நுழைகிறது, கழுத்து அந்தத் தடிமன் இருக்க வேண்டும். இரண்டையும் கடைக்காரரிடம் கொடுத்தால் போதும், நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

உங்கள் பணிவுள்ள
கலாஃபி


வவாவு,
ஜூன் 27, 1976

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்களிடமிருந்து கடிதம் இல்லை. கப்பல் வரும்போதெல்லாம் அம்மா என்னைத் தபால் வாங்க அனுப்புகிறாள். வெறுங்கையோடு திரும்பினால், போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் வராததற்கெல்லாம் சேர்த்து என்னைத்தான் திட்டுகிறாள்.

பொட்டலம் கிடைத்ததா? அவசரம் இல்லை. பெனிசோனியுடையதிலேயே ஊதுகிறேன். காலையில் கார்னெட், ஓய்வு, மாலையில் யூஃபோனியம் என்று பிரித்து வைத்தால் சமாளிக்க முடிகிறது. தேர்வில்தான் ஒன்றை வைத்ததும் மற்றதை எடுக்க வேண்டும்.

நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். மவுத்பீஸ் பிறகு.

கலாஃபி


ஆக்லாந்து,
ஜூலை 25, 1976

அன்புத் தம்பி,

சுகம், சுகம், சுகம். அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டு.

வீடு மாறிவிட்டேன், அதனால்தான் தாமதம். இனிமேல் உறைமேல் என் பெயரை எழுதாதே. பின்பக்கத்தில் உள்ள முகவரிக்கு, வீட்டுக்காரி திருமதி ஒகூசி பெயருக்குப் போட்டால் போதும். இங்கே தபால்காரருக்கு நம் பெயர்கள் வாயில் நுழைவதில்லை.

சோப்பு வந்தது. என்ன சொல்ல! அதே வீட்டில் இருந்த ஒருத்தி, சோப்பு என்றால் குளிக்கத்தானே என்று எடுத்துக் குளித்துவிட்டாள். உன் விளிம்பு அவள் முதுகோடு போயிற்று. சிரி. நானும் சிரித்தேன்.

தொழிற்சாலையில் சனிக்கிழமையும் வேலை வைக்கிறார்கள். கடைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. கிடைக்கும்.

மெலெனைதே


வவாவு,
ஆகஸ்டு 29, 1976

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து அம்மா அழுதாள், பிறகு சோப்புக் கதையைக் கேட்டுச் சிரித்தாள். பதிப்பு இன்னொன்று எடுத்து இதில் வைத்திருக்கிறேன். இந்த முறை மெழுகில். யாரும் மெழுகைத் தேய்த்துக் குளிக்க மாட்டார்கள்.

தேர்வு நவம்பர் கடைசியில் என்று தந்தி வந்துவிட்டது.

போன வாரக் கப்பலில் ஆக்லாந்திலிருந்து நம் ஊர் ஆட்கள் சிலர் வந்து இறங்கினார்கள். பெட்டி இல்லை, பரிசு இல்லை, போட்ட உடையோடு வந்தார்கள். விடியும் முன்னே போலீஸ்காரர்கள் கதவைத் தட்டித் தங்கும் அனுமதிச் சீட்டு கேட்கிறார்களாம், தெருவில் நம் ஜனங்களை நிறுத்தியும் கேட்கிறார்களாம், இல்லாதவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். வட்டமாக உட்கார்ந்து காவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டே சொன்னார்கள். நான் அந்த வட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாவின் சிகிச்சைக்குத் துணையாகப் போனபோது உங்களுக்குக் கொடுத்த சீட்டு குறுகிய காலத்துக்கானது. தொழிற்சாலை முதலாளி அதை நீட்டித்துக் கொடுத்துவிட்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது சரிதானே? நான் கேட்கவில்லை, அம்மாவுக்காகத்தான்.

கலாஃபி


ஆக்லாந்து,
செப்டம்பர் 26, 1976

அன்புத் தம்பி,

நான் நலம். அம்மாவிடம் நீ சொன்னதே சரி, அதையே சொல்லிக்கொண்டிரு.

இந்தா உன் மவுத்பீஸ்! அந்தக் கடைக்காரரிடமே வாங்கினேன். உன் மெழுகைக் காட்டியதும் உள்ளே போய் இதை எடுத்துவந்தார். புதிதில்லை, பழையதுதான். ஆனால் நல்ல சரக்கு, இப்போது இப்படிச் செய்வதில்லை என்கிறார். நானே சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருக்கிறேன். கழுத்துப் பக்கம் ஒரு சின்ன நசுங்கல் உண்டு, அதனால் சத்தம் கெடாதாம்.

யோசிக்காமல் ஊது. ஜெயித்துவிட்டு எழுது. நீ ஜெயித்ததும் முதல் விமானத்தில் நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு, புதுப் பெட்டியோடு, தலை நிமிர்ந்து வந்து இறங்குவேன். அதுவரை எனக்குக் கடிதம் அதிகம் போடாதே.

மெலெனைதே


வவாவு,
அக்டோபர் 17, 1976

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம்.

மவுத்பீஸ் கிடைத்தது. மிகவும் நன்றி. விளிம்பு நான் கேட்ட அதே உருட்டு. கழுத்தில் இருக்கும் பள்ளத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. இவ்வளவு சிரமப்பட்டு அனுப்பியிருக்கிறீர்கள், அதற்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அம்மாவிடம் காட்டவில்லை. அத்தையிடமும் காட்டவில்லை. தேர்வு முடியட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே அதிகம் போக வேண்டாம்.

உங்கள் பணிவுள்ள
கலாஃபி


வவாவு,
டிசம்பர் 5, 1976

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக முடைந்த பாயை மரியாதைக்காக இடுப்பில் கட்டிக்கொண்டு தலைநகர் நுகுவாலோஃபாவில் வரிசையில் நின்றேன். முதலில் கார்னெட். நன்றாகப் போயிற்று. வெளியில் நின்ற ஆட்கள்கூடக் கைதட்டினார்கள். அடுத்து யூஃபோனியம். சத்தம் வந்தது, பழுதில்லை. மறுபடி கார்னெட் எடுக்கச் சொன்னார்கள். மேல் சுரத்துக்குப் போகும்போது உதடு மரத்துப்போயிருந்தது. காற்று வந்தது. இன்னொரு முறை கொடுத்தார்கள். அப்போதும் காற்றுதான்.

ஹாபாய்த் தீவுக்காரன் ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் ஊதினான்.

தப்பு என் உதட்டில்தான், உங்கள் மவுத்பீஸில் இல்லை. அதைப் பற்றி நீங்கள் கொஞ்சமும் வருத்தப்படக் கூடாது. வரும் வாரத்திலிருந்து கொப்பரை உடைக்கப் போகிறேன். உங்களை ஊருக்குக் கூட்டிவருவதாகச் சொன்னேன். செய்ய முடியவில்லை. மன்னியுங்கள்.

கலாஃபி


ஆக்லாந்து,
ஜனவரி 9, 1977

தம்பி கலாஃபிக்கு,

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. வாங்க இங்கே நான் இருக்க மாட்டேன். வியாழக்கிழமை பிடித்துவிட்டார்கள். அடுத்த விமானத்தில் அனுப்புகிறார்கள். காவலுக்கு நிற்கிற பெண் நல்லவள், காகிதமும் பேனாவும் கொடுத்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுதான் சரியில்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, கலாஃபி. மன்னிக்கச் சொல்லி நீ எழுதியிருக்கிறாய். நான் செய்ததை முதலில் கேள்.

சோப்பை யாரும் தேய்த்துக் குளிக்கவில்லை. மே மாதம் அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குத்தான் போனேன். தெருமுனையில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் நிறுத்தினார்கள். "சீட்டு எங்க?" என்றார்கள். வீட்டில் இருக்கிறது என்றேன். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒருவன் சோப்பை மோந்து பார்த்து, "இதுல என்ன வட்டம்?" என்று கேட்டான். என்ன சொல்வது? "என் தம்பியோட வாய்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே பையை விட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கே வீடு மாறினேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை, அந்தக் கடை இருக்கிற பக்கமும் போகவில்லை. சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை.

உன் மெழுகு வந்தது, தேர்வுத் தேதியும் வந்தது. என்னிடம் இருந்த மவுத்பீஸ் ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் சவப்பெட்டியை மூடும்போது அதைச் சட்டைப் பையில் வைத்தேன் என்று அத்தையிடம் சொன்னேன் இல்லையா? வைக்கவில்லை. கைக்குட்டையில் கட்டி நானே வைத்துக்கொண்டேன். இந்த ஊரில் அப்பாவின் பொருள் என்று எனக்கு வேறு எதுவும் இல்லை. நான் அதை வாயில் வைத்ததில்லை, கையில் வைத்துக்கொண்டு தூங்குவேன்.

தெரியாமல் ஊதினால் உன்மேல் குற்றம் வராது என்று நினைத்தேன். வந்துவிட்டது. அப்பா வாய் வைத்ததில் உன்னை வாய் வைக்கச் செய்தேன், அவர் உன் உதட்டை மரத்துப் போக வைத்துவிட்டார். கோபம் என்மேல், தண்டனை உனக்கு. ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு என் தம்பியின் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன்.

அதை இனி ஊதாதே. கையாலும் தொடாதே. நான் வந்து அத்தையின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன்.

உன் அக்கா,
மெலெனைதே


வவாவு,
ஜனவரி 23, 1977

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நல்லபடி நுகுவாலோஃபாவில் வந்து இறங்கினீர்கள், கடவுளுக்கு நன்றி. நாளைக்குக் கப்பலில் வந்து நீங்கள் இந்த வீட்டில் இருப்பீர்கள். அக்கா இருக்கிற வீட்டில் தம்பி படுப்பது நம் வழக்கமில்லை, நான் இனிமேல் படகுக் கொட்டகையில் படுப்பேன். காலையில் "சாப்டீங்களா?" என்று கேட்பேன். அதற்கு மேல் உங்கள் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் பேச என்னால் முடியாது. நீங்களும் பேச மாட்டீர்கள். அதனால் எழுதி அம்மாவிடம் கொடுக்கிறேன், உங்கள் பாயின்மேல் வைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாதது இப்போது நல்லதாகப் போயிற்று.

அப்பா கோபப்படவில்லை, அக்கா. கோபப்படும்படி எதுவும் நடக்கவில்லை. நான் அதை ஊதவே இல்லை.

பொட்டலத்தைப் பிரித்ததும் கழுத்துப் பள்ளத்தில் என் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. சின்ன வயதில் எத்தனை தடவை துடைத்துக் கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அதை வாயில் வைக்க என்னால் முடியவில்லை. "அக்கா, இது வேண்டாம்" என்று உங்களுக்குத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அக்கா கொடுத்ததைத் தம்பி எப்படித் திருப்பிக் கொடுப்பது? அத்தையிடம் போய் மண்டியிட்டிருந்தால், தன் அண்ணன் பொருளை ஊத அவளே அனுமதி கொடுத்திருப்பாள், அந்த விலக்கை நீக்குகிற உரிமை அவளுக்குத்தானே. அவள் வாசல் வரை போனேன். கேட்டிருந்தால், இது எப்படி மண்ணுக்கு வெளியே வந்தது என்று அவள் கேட்பாள். உங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். அவள் எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் பெனிசோனியுடையதிலேயே ஊதினேன். உதடு மரத்துப்போனது அதனால்தான், வேறு எதனாலும் இல்லை. இரண்டாம் தடவையும் காற்று வந்தபோது தேர்வு வைத்த பெரியவர் கேட்டார்: "தம்பி, இந்த மவுத்பீஸ் ஒனக்கு ஒத்துக்கல. வேற ஏதாவது வச்சிருக்கியா?"

உங்களுடையது என் சட்டைப் பையில்தான் இருந்தது, கைக்குட்டையில் கட்டினபடியே. நீங்கள் அனுப்பியதை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதன்மேல் கை வைத்துக்கொண்டு, "இல்லீங்க" என்றேன்.

இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஊதியிருந்தால் ஜெயித்திருப்பேன், நீங்கள் புதுப் பெட்டியோடு வந்திருப்பீர்கள் என்று இனி எல்லா நாளும் நினைப்பீர்கள். நானும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் அப்பா உங்களைத் தண்டித்தார் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டில் எதை நினைத்துக்கொண்டு இருப்பது உங்களுக்கு லேசு என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அத்தையின் காலில் விழ வேண்டாம். அவளிடம் சொல்ல இப்போது ஒன்றுமில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று கல்லறைக்குப் போனேன். வெள்ளை மணலை முழங்கை ஆழம் தோண்டி, மவுத்பீஸை அப்பாவின் நெஞ்சுப் பக்கமாகப் பார்த்து வைத்து மூடிவிட்டேன். அது நீங்கள் சொன்ன இடத்திலேயே இருக்கிறது.

கலாஃபி